யாரும் ஏறாத குட்டி

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் வாழவந்தி நாட்டுப் பட்டக்காரர் குழந்தைசாமி அவர்களே! மேடையில் என் வலப்பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் மருதாசலம் அவர்களே! அரியூர் நாட்டிலிருந்தும் குண்டூர் நாட்டிலிருந்தும் வந்து கூடியிருக்கும் பெரியவர்களே! காரவள்ளிப் பாதையில் மூச்சு வாங்க மலையேறி வந்திருக்கும் அடிவாரத்து உறவினர்களே! தாய்மார்களே! எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பலா மரத்தில் கட்டப்பட்டு, என்னைவிட அதிகமாக உங்கள் கண்ணைக் கவர்ந்துகொண்டிருக்கும் செவலைக் குட்டியே! அனைவருக்கும் என் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! இரங்கல் கூட்டத்தில் குதிரைக்கு வணக்கம் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் நாம் கூடியிருப்பது யாருக்காக? குதிரைக்காரி பாப்பாத்தி அம்மாளுக்காக! அந்த அம்மையார் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தொழுவத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார். மனிதரை முதலில் விசாரித்து, குட்டியைப் பிறகு விசாரித்தால் அவருக்குக் கோபம் வரும். அவர் கோபத்தைப் பார்த்தவன் நான். இறந்த பிறகும் அதைக் கிளற எனக்குத் துணிச்சல் இல்லை.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் அப்பாசாமி. இந்த மலையின் மிளகை வாங்கிச் சேலத்தில் விற்கும் வியாபாரி. அடிவாரக் குதிரை ஓட்டச் சங்கத்தின் துணைத்தலைவர். அந்தச் சங்கத்துக்குத் தலைவர் யார்? பாப்பாத்தி அம்மாள்! போன வெள்ளிக்கிழமை காலையில், லாயத்துக்குப் போய்க் கொள்ளு ஊறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். எழவில்லை. நோயில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. வேலையை முடித்துவிட்டுப் போனார்.

பெரியோர்களே! 'குதிரைக்காரி' என்பது அவருக்கு ஊர் கொடுத்த பட்டம். மரியாதைக்காகக் கொடுத்தார்களா? இல்லை! கேலிக்காகக் கொடுத்தார்கள். கணவனை இழந்த பெண் குதிரை ஏலத்துக்குப் போனாள் என்று, கிணற்றடியில் சொன்னார்கள், சந்தையில் சொன்னார்கள், கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் சொன்னார்கள். அதே பெயரைத்தான் இன்று நம் பட்டக்காரர் தம் வாயால், எழுந்து நின்று, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார். கேலியைப் பட்டமாக மாற்றியவர் அந்த அம்மையார். எப்படி மாற்றினார்? அதைச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

குதிரை ஓட்டம் நடக்கும் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும். ஏலத்தில் பெரும் விலை கொடுத்து வாங்கும் இளங்குதிரை ஓட்டத்தில் ஜெயிக்குமா, ஜெயிக்காதா? பெங்களூர் ஓட்டல்களில் அதைப் பேசுகிறார்கள். ஊட்டியில் துரைமார்கள் பேசுகிறார்கள். நம் காரவள்ளி டீக்கடையில், குதிரை வாலைக்கூடத் தொட்டுப் பார்க்காதவர்கள் இன்னும் சத்தமாகப் பேசுகிறார்கள். ஜெயிக்காது என்பதுதான் நம் பக்கத்துத் தீர்ப்பு. ஏன்? பாப்பாத்தி அம்மாளின் கணவர் சின்னுசாமி வாங்கிய மூன்று குட்டிகளை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

சின்னுசாமி தங்கமான மனிதர். குதிரை என்றால் சோறு வேண்டாம் அவருக்கு. மூன்று முறை பெங்களூர் ஏலத்துக்குப் போனார். மூன்று முறையும் நல்ல வம்சத்தில் பிறந்த குட்டியாகப் பார்த்து, இருப்பதிலேயே கூடிய விலை கொடுத்து வாங்கி வந்தார். வந்த மாதமே சேணம் போட்டு ஆளை ஏற்றினார். அந்த வருஷமே ஓட்டத்தில் விட்டார். முதல் குட்டிக்கு முன்னங்கால் வீங்கிப் போயிற்று. இரண்டாவது குட்டி பாதி மைதானத்தில் நொண்டி நின்றது. மூன்றாவது குட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே வளைவில் கால் முறிந்து விழுந்தது. அதைச் சுடச் சொன்னார்கள். சின்னுசாமி வீட்டுக்கு வந்து படுத்தார். அடுத்த மழையில் காய்ச்சல் வந்தது, போய்விட்டார். காய்ச்சலில் போனார் என்று டாக்டர் சொன்னார். குட்டியோடு போனார் என்று அம்மையார் சொன்னார்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவர் என் கடைக்கு வந்தார். மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே சொன்னார்.

"அப்பாசாமியண்ணா, பெங்களூர் ஏலத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்குங்க அம்மிணி?"

"இன்னொரு குட்டி வாங்கோணும்."

நான் என்ன சொல்லவில்லை! பட்டது போதாதா என்றேன், ஊர் சிரிக்கும் என்றேன், நிலம் என்னாகும் என்றேன். அவர் மிளகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரயிலு எத்தனை மணிக்குங்க?" என்றார். அத்தோடு என் வாதம் முடிந்தது.

சபையோரே, அந்த ஏலத்தைப் பற்றி இந்த மலையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். உண்மையைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் அவமானப்பட்டவன் நான்தான்! நம் சந்தையில் மாடு பிடிப்பது எப்படி? தரகர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கடியில் சேரும். விரலைப் பிடித்தால் விலை. ஒருவன் சொன்ன விலை பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. மானம் மரியாதையோடு நடக்கும் வியாபாரம். பெங்களூரில் என்ன நடந்தது? ஒரு துரை உயரமான மேடையில் நின்றுகொண்டு விலையை ஊருக்கே கேட்கும்படி கத்துகிறான்! அம்மையாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னங்கண்ணா இது? ஊட்டு விசயத்த வீதியில நின்னு கத்துற மாதிரி இருக்குது. நீங்க போயி அந்தத் தொரை கையில துண்டப் போடுங்க."

போட்டேன்! சொன்னால் செய்ய வேண்டியதுதானே? மேடையேறிப் போய்த் துரையின் கை மேல் என் துண்டைப் போட்டு, அடியில் கையை விட்டு விரலைப் பிடித்தேன். துரை 'ஐயோ' என்று அவன் பாஷையில் அலறினான். ஏலத்தை முடிக்கத் தட்டும் சுத்தி அவன் கையிலிருந்து கீழே விழுந்தது. பெங்களூர் கனவான்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன்போல் இறங்கி வந்தேன். இறங்கி வந்தேனே தவிர, அந்தச் சிரிப்பு இன்றும் என் காதை விட்டு இறங்கவில்லை.

அம்மையார் சிரித்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்போது ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஏலத்துக்கு வந்ததிலேயே உயர்ந்த வம்சம். அம்மையார் வலக்கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்கவே இல்லை! ஒருவர் கேட்டார், கை நின்றது. இன்னொருவர் கேட்டார், கை நின்றது. சிரித்த கனவான்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தி, கேட்பதையும் நிறுத்தினார்கள். நான் பக்கத்தில் நின்று "போதுங்க அம்மிணி, போதுங்க" என்று கெஞ்சினேன். ஆற்றோரத்து நஞ்சை மொத்தமும் போய்விடும் விலையில் சுத்தி விழுந்தது. அவர் கையை இறக்கி, மறு கையால் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "இனிச் சிரிக்கச் சொல்லுங்க" என்றார்.

ஆகவே, தாய்மார்களே, அந்த விலை அறிவால் கொடுத்த விலை அல்ல. ரோஷத்தில் கொடுத்த விலை. இதை நான் மறைத்துப் பேசினால் அவரே எழுந்து வந்து என்னை அடிப்பார்.

ஊருக்கு வந்தால் பஞ்சாயத்து தயாராக இருந்தது. கூட்டியவர் யார்? இதோ, என் வலப்பக்கம் இருக்கும் மருதாசலம் அவர்கள்தான். சின்னுசாமியின் தம்பி. என்னை முறைக்காதீர்கள் மருதாசலம், இன்று எல்லாம் பேசுகிற நாள்! அன்று அவர் கேட்டதில் தவறும் இல்லை. "அண்ணன் மூணு குட்டியில அழிஞ்சாரு. அண்ணி நாலாவதுல மிச்சத்தையும் அழிச்சுப்போட்டா, அவங்க எங்க போயி நிப்பாங்க?" என்று கேட்டார். பஞ்சாயத்தார் யோசித்து ஒரு முடிவு சொன்னார்கள். குட்டிக்கு மூன்று வருஷம் தவணை. அதற்குள் ஊட்டி ஓட்டத்தில் ஒருமுறையாவது அது ஜெயிக்க வேண்டும். ஜெயிக்காவிட்டால் மிச்ச நிலமும் லாயமும் மருதாசலம் பொறுப்புக்குப் போகும். அம்மையாருக்குச் சோறும் சேலையும் கொடுத்து வீட்டில் உட்கார வைப்பார்கள்.

சோறும் சேலையும்! பாப்பாத்தி அம்மாளை வீட்டில் உட்கார வைப்பதா! அவர் சரி என்று தலையாட்டினார். மூன்று வருஷம் இருக்கிறது, மூன்று ஓட்டம் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் விழுந்தது மண்! அந்த மழைக்காலத்தில் அடிவாரம் முழுவதும் ஈக்கடியால் குதிரைகளுக்குக் காய்ச்சல் பரவியது. சேந்தமங்கலத்து ஜட்காக் குதிரைகள் வரிசையாக விழுந்தன. குட்டியைக் காப்பாற்ற வேண்டுமானால் ஈ இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். என்னிடம் மிளகு கொடுக்கும் ராசப்பனும் கண்ணாயியும் மலை மேல் இந்த வாழவந்தி நாட்டில் இருந்தார்கள். நான்தான் வழி சொன்னேன். மழையில் வழுக்கும் பாதையில், குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பாறைக்குப் பாறை கெஞ்சிக் கொஞ்சி, இந்த எல்லைக்கல் வரை வந்து சேர்ந்தோம்.

இங்கே யார் நின்றிருந்தார்? இன்று தலைமை ஏற்றிருக்கும் நம் பட்டக்காரர் அவர்கள்! அன்று மீசை கறுப்பு. அவர் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

"ஏனுங்க அம்மிணி, குட்டிய வெச்சுக்க எடம் வேணுமின்னா எங்க நாடே உங்களுக்குத்தானுங்க. தண்ணி கேளுங்க, சோளத்தட்டு கேளுங்க, தாரோம். ஆனா ஒண்ணுங்க. இந்தக் கல்லுக்கு உள்ளார குதிரை மேல மனுசங்க ஏறப்படாது. இங்க குதிரை ஏறறவரு எங்க சாமி ஒருத்தருதானுங்க."

அம்மையார் திகைத்துப் போனார். ஆள் ஏறாமல் பந்தயக் குதிரையை எப்படிப் பழக்குவது? ஆனாலும் விட்டாரா?

"சாமி ஏறறத நான் வேண்டாங்கலீங்க. சாமி எறங்கி நிக்கற நேரமாப் பாத்து எங்காளு ஏறிக்கட்டுமேங்க?"

"எங்க சாமி எறங்கறதே இல்லீங்க."

அம்மையாருக்கு வந்ததே கோபம்! குட்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அரியூர் நாட்டுக்குப் போனார். அங்கேயும் குதிரை ஏறுகிறவர் சாமி ஒருவர்தான். குண்டூர் நாட்டுக்குப் போனார். "எங்க நாட்டுலயும் அப்பிடித்தானுங்க அம்மிணி" என்று சொல்லி, சாமைச் சோறு போட்டு அனுப்பி வைத்தார்கள். மறுபடி இதே கல்லுக்கு வந்தார். கீழே போனால் காய்ச்சல், மேலே இருந்தால் கட்டுப்பாடு. வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார்.

தலைவர் அவர்களுக்கு இரக்கம் வந்தது. கட்டுப்பாட்டை மீறாமல் ஒரு வழி சொன்னார். "வேணுமின்னா முதுகுல ஒரு மூட்டை சாமை வெச்சு நடத்துங்க. பொதிக்கு எங்க நாட்டுல தடை இல்லீங்க."

"பொதியா? எம்பட குட்டி என்னங்க கழுதையா?" என்று அம்மையார் ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள்! அதோடு மூட்டையும் போயிற்று. மனிதனும் ஏறவில்லை, பொதியும் ஏறவில்லை. அந்தக் குட்டியின் முதுகில் ஏறியதெல்லாம் மழையும் வெயிலும்தான்.

குட்டியைக் கண்ணாயி பொறுப்பில் விட்டோம். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. காலையில் கண்ணாயி பள்ளத்து நெல்வயலுக்குப் போனால் குட்டி கூடவே போகும். மாலையில் மேட்டுக்கு வந்தால் கூடவே வரும். அம்மையார் மாதா மாதம் மலையேறி வந்து, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடும் பள்ளமுமாக அதோடு நடப்பார். நடந்துகொண்டே திட்டுவார். யாரை? நம் தலைவரைத்தான்! "எம்பட ஒரு வருசத்த முழுங்கிப்போட்டாரு அந்தப் பட்டக்காரரு" என்று சொல்லாத நாளில்லை. அந்த வருஷத்து ஊட்டி ஓட்டம் குட்டி இல்லாமலே நடந்து முடிந்தது.

பிறகு அடிவாரத்தில் காய்ச்சல் நின்றது. குட்டியைக் கூட்டிப்போக அம்மையாரும் நானும் வந்தோம். கிளம்பும் நேரம். கால் குளம்பைத் துடைக்கக் குனிந்தவர் எழவே இல்லை. குட்டியின் முன்னங்காலை, முழங்காலுக்குக் கீழே, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, இங்க தொட்டுப் பாருங்க. சுடுதுங்களா?"

தொட்டேன். "இல்லீங்களே, சில்லுனு இருக்குது."

"அவரு வாங்குன மூணு குட்டிக்கும் இந்த வயசுல இந்த எடம் அனலாக் கொதிச்சுதுங்க. ஈரத்துணி சுத்திச் சுத்தி என் கையே வெந்துபோச்சு. வம்சந்தான் கோளாறு, ஏலக்காரன் ஏமாத்திப்போட்டான்னு பேசிக்குவோம்." அவர் குட்டியின் காலைத் தடவினார். "வம்சத்துல ஒண்ணுமில்லீங்கண்ணா. எலும்பு முத்தறதுக்கு முன்னால ஆளை ஏத்துனமே, அதுதானுங்க. விலை குடுத்தாச்சுன்னு எங்களுக்குப் பொறுக்கலீங்க. மூணையும் நாங்கதான் கெடுத்தோம்."

அவர் அழுதார். நானும் அழுதேன். சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? குட்டி மட்டும் அவர் தலைமுடியை மோந்து பார்த்துக்கொண்டு நின்றது.

பெரியோர்களே! முதல் வருஷம் அந்தக் குட்டியைக் காத்தது வாழவந்தி நாட்டின் கட்டுப்பாடு. அதில் அம்மையாருக்குப் பெருமை இல்லை, திட்டிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் இரண்டாவது வருஷம்? அடிவாரத்தில் காய்ச்சல் இல்லை. கூட்டிப்போக யாரும் தடை சொல்லவில்லை. கீழே சேணம் காத்திருந்தது, ஜாக்கி காத்திருந்தான், பஞ்சாயத்துத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. குட்டியும் பளபளவென்று கறுத்து மின்னியது. ஆசை யாரை விட்டது? அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கயிற்றைக் கண்ணாயி கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணாயி, இன்னும் ஒரு வருசம் இது இங்கயே கெடக்கட்டும்."

செய்தி கேட்டு மருதாசலம் அவர்கள் மலையேறி ஓடி வந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. "அண்ணி, இந்த வருசத்தையும் விட்டுப்போட்டா உங்களுக்கு இருக்கறது ஒரே ஓட்டமுங்க. அதுல தோத்தா எல்லாமே போயிருமுங்க!" என்றார்.

"ஒண்ணு போதுந் தம்பி. இதுக்குக் காலு நாலு இருந்தாச் சரி."

இப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? நிலம் போகும், லாயம் போகும், ஊரார் முகத்தில் விழிக்க முடியாமல் போகும் என்று தெரிந்தும், கைக்கு எட்டிய ஓட்டத்தை விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்? எனக்கு வராது. உங்களில் பலருக்கும் வராது. அதனால்தான் இன்று அவருக்குக் கூட்டம் போடுகிறோம்!

இனி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷத்து ஊட்டி ஓட்டத்துக்கு வருவோம். எலும்பு முற்றி, நெஞ்சு அகன்று, முழுக் குதிரையாக அடிவாரத்துக்கு இறங்கியவனுக்கு அங்கேதான் முதல்முதலாகச் சேணம் போட்டார்கள். ஆற்று மணலில் பழகினான். பெயர் என்ன எழுதுவது என்று ஊட்டியில் கேட்டபோது அம்மையார் யோசிக்கவே இல்லை. "வாழவந்தி" என்றார். அத்தனை நாளும் அவர் திட்டித் தீர்த்த நாட்டின் பெயர்!

அந்த மைதானத்தை நினைத்துப் பாருங்கள். தொப்பிகளும் குடைகளுமாகத் துரைமார்கள், துரைசானிகள், ஜமீன்தார்கள். அவர்களுக்கு நடுவில் கண்டாங்கிச் சேலையில் பாப்பாத்தி அம்மாள். பக்கத்தில் கண்ணாயி. பின்னால் நானும் ராசப்பனும். ஒரு தூணுக்கு மறைவில் மருதாசலம் அவர்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு ரயிலில் வந்திருந்தார்!

ஓட்டம் தொடங்கியது. வாழவந்தி கடைசி. முதல் வளைவிலும் கடைசி. ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டு, "எங்க இருக்குதுங்க? எங்க இருக்குதுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அம்மையார் மட்டும் அசையவில்லை. "ஓடட்டும். அவங்க மொதல்ல ஓடட்டும்" என்றார்.

பாதி மைதானம் தாண்டியது. ஊட்டியின் காற்று மெலிந்த காற்று. சமவெளியில் வளர்ந்த குதிரைகளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. நம்மவனுக்கு மலைக் காற்று புதிதா? இரண்டு வருஷம் கண்ணாயி பின்னால் ஏறி இறங்கிய நெஞ்சல்லவா அது! ஒரு குதிரையைத் தாண்டினான். இரண்டைத் தாண்டினான். வெள்ளைப் பொட்டு முன்னால் வருகிறது! கடைசி நேர்ப்பாதையில் எதிரே இருந்தவை எல்லாம் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. "வாழவந்தி! வாழவந்தி!" என்று பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத வாய்கள் எல்லாம் கத்தின. கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாப்பிள்ளையைப்போலக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, தனியாக, முதலாவதாக வந்தான் நம் குட்டி!

அப்போது அந்தத் துரைமார்கள் நடுவில் எழுந்தது ஒரு சத்தம். குலவை! பாப்பாத்தி அம்மாள் குலவை போட்டார்! கண்ணாயியும் சேர்ந்துகொண்டார். நம் நாட்டுப் பெண்கள் சாமிக்குப் பொங்கல் பொங்கும்போது போடுகிற குலவையை ஊட்டி மலை முழுக்கக் கேட்கும்படி இருவரும் போட்டார்கள். ஒரு துரைசானியின் கையிலிருந்து குடை கீழே விழுந்தது. பெங்களூர் ஏலத்தில் சுத்தி விழுந்ததற்கும் இதற்கும் சரியாகப் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மருதாசலம் அவர்கள் தூணுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார். அண்ணி முன்னால் நின்று, தலைப்பாகையை அவிழ்த்து, அந்தக் குதிரையின் வேர்வையை அதனால் துடைத்தார். அன்றிலிருந்து இன்று வரை அந்த லாயத்துக்கு அவரைப்போலக் காவல் கிடையாது. இப்போது புரிகிறதா, இவர் ஏன் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்று? அழுதுகொண்டிருக்கிறார். அழட்டும்.

சென்னைக் கனவான் ஒருவர் வந்து கேட்டார். "அம்மா, இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் குட்டிகள் தேறுவதே இல்லையே. இது மட்டும் எப்படி?" அம்மையார் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"அதோட விலை அதுக்குத் தெரியாதுங்க சாமி. நமக்குத்தானுங்க தெரியும். நாம அத மறந்துபோட்டு வளத்துனா அது ஓடுமுங்க."

டீக்கடைக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? அதே ஏலத்தில் அன்று விற்ற மற்றக் குட்டிகள் எங்கே? நான் விசாரித்தேன். பல குட்டிகள் முதல் வருஷமே நொண்டின. ஒன்று பெங்களூரில் ஜட்கா இழுத்தது. அவையும் நல்ல வம்சம்தான். வாழவந்தியோ அதற்குப் பிறகும் வருஷா வருஷம் ஓடினான். வயது ஏறியும் ஜெயித்தான். விலை கூடிய குட்டி ஜெயிக்குமா என்று இனி யாரும் உங்களிடம் கேட்டால், குட்டியைப் பற்றிக் கேட்காதே, வாங்கியவன் பொறுத்திருப்பானா என்று கேள் என்று சொல்லுங்கள்!

ஊட்டியிலிருந்து திரும்பி வந்த நாள் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். இதே கல்லுக்கு அருகில் மேளத்தோடு காத்திருந்தீர்கள். நம் தலைவர் அவர்கள் முன்னால் வந்து, "அம்மிணி, சாமிகிட்ட பூக்கேட்டு உத்தரவு வாங்கிப்போட்டமுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு நீங்க குதிரை ஏறியே நாட்டுக்குள்ள வரோணும்" என்றார். இந்த மலையில் வேறு எந்த மனிதருக்கும் கிடைக்காத மரியாதை அது. அம்மையார் கும்பிட்டார். ஆனால் ஏறவில்லை.

"வேண்டாங்க. அன்னைக்கு நீங்க எளகியிருந்தா இன்னைக்கு இந்த மேளமே இல்லீங்க. எனக்காக ஒரு நாளைக்கு ஒடைச்சுப்போட்டா, அடுத்த குட்டிக்கு யாருங்க காவலு? நான் புடிச்சுக்கிட்டே நடந்து வாரேனுங்க."

நடந்தே வந்தார்! கடைசி வரை நடந்தே இருந்தார். குதிரைக்காரி என்று பெயர் வாங்கிய பாப்பாத்தி அம்மாள் தம் ஆயுளில் ஒரு நாளும் குதிரை ஏறியதில்லை.

சபையோரே, அந்த அடுத்த குட்டிதான் அதோ நிற்கிறது. போன ஏலத்தில், அதே வலக்கையைத் தூக்கி, இறக்காமல் நின்று வாங்கினார். இதற்கும் விலை பெரிய விலைதான். மேலே கொண்டுவருவதற்குள் அவர் போய்விட்டார். இன்று காலை மருதாசலம் அவர்கள்தான் கயிற்றைப் பிடித்து அழைத்து வந்தார். ஆனால் எனக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. வருகிற ஓட்டத்திலேயே இதை விட்டுவிட வேண்டும் என்று அடிவாரத்தில் பேச்சு நடக்கிறதாம். மருதாசலம் அவர்களின் மகன் சேலத்தில் புதுச் சேணம் வாங்கி, இங்கேயே கொண்டுவந்தும் விட்டாராம். பெரியம்மா பெயரில் உடனே ஒரு வெற்றி வேண்டும் என்று அந்த இளைஞருக்கு ஆசை. அன்பினால் வந்த ஆசைதான். சின்னுசாமிக்கும் அதே ஆசைதான் இருந்தது!

மருதாசலம் அவர்களே! பஞ்சாயத்தைக் கூட்டி அன்று நீங்கள் அண்ணியைக் கேட்டீர்கள். இன்று இந்தச் சபையின் முன்னால் நான் உங்களைக் கேட்கிறேன். இந்தக் குட்டி மேல் ஆளை ஏற்றுவீர்களா?

எழுந்து நிற்கிறார். சத்தம் போடாதீர்கள், அவர் பேசட்டும்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன். "பையன் வாங்கியாந்த சேணத்த இந்த எல்லைக்கல்லு மேலயே வெச்சுப்போட்டுப் போறமுங்க. குட்டிய கண்ணாயி கையிலயே உட்டுப்போட்டுப் போறமுங்க. எலும்பு முத்தற வரைக்கும் அது முதுகுல ஒரு ஈ ஒக்காரவும் நான் உடமாட்டனுங்க."

கேட்டீர்களா! கேட்டீர்களா பாப்பாத்தி அம்மாளே! இதோ, நாங்களும் சொல்கிறோம். அடிவாரச் சங்கத்தின் சார்பில் நான் சொல்கிறேன், மூன்று நாட்டின் சார்பில் தலைவர் அவர்கள் தலையசைக்கிறார். உங்கள் லாயம் நிற்கும். உங்கள் குட்டிகள் இந்த மலையில் நடக்கும். காலம் வரும்போது ஓடும், காலம் வரும் வரை நாங்கள் பொறுப்போம். உங்களிடம் கற்றது அதுதான், இனி நாங்கள் நடத்துவதும் அதுதான்!

இந்த மாதிரிக் கூட்டங்களில் முடிவில் எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இருப்பது வழக்கம். எழுந்து நில்லுங்கள். ஆனால் மௌனம் வேண்டாம். அந்த அம்மையார் வாழ்நாளில் மௌனமாக இருந்து நான் பார்த்ததே இல்லை, அவருக்குப் பிடிக்காததை இன்று எதற்குச் செய்ய வேண்டும்? கண்ணாயி அம்மா, முன்னால் வாருங்கள். ஊட்டியில் அன்று அவருக்குத் துணைக்குரல் கொடுத்தவர் நீங்கள். இன்று முதல் குரல் உங்களுடையது. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். மற்றத் தாய்மார்களும் தயாராகுங்கள். காரவள்ளி வரைக்கும் கேட்க வேண்டும்.

போடுங்கள் குலவை!